நீல டேப்

காலை நாலே முக்காலுக்கு எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். ஒரு டம்ளர் காபி. முன்பு இரண்டு டம்ளர். இப்போது பாலில் பாதி மீந்து, மறுநாள் திரிந்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் போகிறது. அரை லிட்டர் பாக்கெட்டைக் கால் லிட்டராக மாற்றச் சொல்ல வேண்டும் என்று பதினோரு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறான் இளம்பரிதி. சட்டை மாட்டினான். வாசல் விளக்கை அணைத்தான். பிக்கப் வண்டியின் பானெட்டைத் தூக்கி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் ஒரு ஒயரின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினான். பானெட்டை மூடினான். ஸ்பேனரைச் சீட்டுக்கு அடியில் போட்டான். சாவியைத் திருப்பினான்.

டாஷ்போர்டில் ஏற்கெனவே எரிந்த விளக்குகளோடு பேட்டரி விளக்கும் சிவப்பாக எரிந்தது.

"மாமா, சார்ஜ் ஏறலைங்க. ஒருக்கா பாத்துருங்க," என்றாள் மிருதுளா.

மிருதுளா இறந்து பதினோரு மாதம் ஆகிறது.

"பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

முட்டை வியாபாரம் அவள் ஆரம்பித்தது. நாமக்கல்லில் கோழிப்பண்ணையில் ஏற்றி, பரமத்தி வரைக்கும் உள்ள பேக்கரிகளுக்கும் மெஸ்களுக்கும் இறக்குவாள். எழுபது அட்டை, அட்டைக்கு முப்பது முட்டை. அவன் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போன பிறகு கல்லூரிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தான். காவல் நிலையத்திலிருந்து திரும்பி வந்த வண்டி நாற்பது நாள் வாசலில் நின்றது. ஒரு நாள் அதை நகர்த்தி வைக்கலாமென்று சாவியைப் போட்டான். நின்று நின்று பேட்டரி இறங்கிப்போயிருந்தது. அவள் குரல் வந்தது. அன்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான், எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. மறுநாள் புது பேட்டரி மாட்டினான். குரல் நின்றுவிட்டது. மூன்று நாள் பொறுத்தான். நாலாவது நாள் ஸ்பேனரை எடுத்தான்.

அன்றிலிருந்து ஒன்பது மாதமாக முட்டை ஏற்றுகிறான்.

வண்டி இன்னும் அவள் பெயரில் இருந்தது. இறந்தவர் பெயரில் ஒரு வருடத்துக்கு மேல் வண்டி ஓடக்கூடாது. வெள்ளிக்கிழமை பெயர் மாற்ற நாள் கொடுத்திருந்தார்கள். டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியாமல் கொண்டுவர வேண்டுமாம். அவன் தளர்த்தியதையெல்லாம் அவனே இறுக்கிவிடலாம். அரை மணி வேலை. ஆனால் அவன் தளர்த்தாத விளக்கு ஒன்றும் எரிந்துகொண்டிருந்தது. மூன்று வாரமாகத் தினமும் ஒரே இடத்தில், வாய்க்கால் பாலத்தில், மஞ்சளாக. பேக்கரி போய்ச் சேருவதற்குள் அணைந்துவிடும். அது எரியும்போது மட்டும் மிருதுளா பேசுவதில்லை.

அவள் செத்தது அந்தப் பாலத்தில்தான்.

இறக்க வேண்டியதை இறக்கிவிட்டு, பத்து மணிக்குத் திருச்சி ரோட்டில் வசந்தாமணியின் பட்டறைக்கு வண்டியை விட்டான். லாரிக்குக் கூண்டு கட்டும் கொட்டகைகளுக்கு நடுவில் ஒரு தகர ஷெட். வசந்தாமணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, கழுத்தில் தாலிக்கொடியோடு ஒரு டெஸ்ட் லேம்ப் ஒயரும் தொங்கும். ஊரில் ஒயரிங் அக்கா என்றால்தான் தெரியும்.

சாவியைத் திருப்பிப் பார்த்தவள் இடுப்பில் கை வைத்தாள்.

"என்னங் தம்பி, கல்யாண வீட்டு சீரியல் செட்டாட்ட எரியுது! எது எரியலைன்னு சொல்லுங்க, அத எழுதிக்கறேன். வெரசா முடியும்."

"எல்லாத்தையும் அணைக்கணுங்க்கா. வெள்ளிக்கிழமை பேர் மாத்தணும்."

"யாரு பேர்ல இருக்குது?"

அவன் பதில் சொல்வதற்குள் வண்டி பேசியது. "மாமா, பின்பக்கக் கதவு சரியா சாத்தலைங்க."

வசந்தாமணி வண்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாருங் தம்பி?"

"வீட்டுல."

"எங்க இருக்காங்க?"

"இல்லீங்க்கா."

அவள் சாவியைத் திருப்பி அணைத்தாள். சற்று நேரம் டாஷ்போர்டைத் துணியால் துடைத்தாள். அதில் தூசி எதுவும் இல்லை.

"இந்தக் குரல் வெக்கற ஏற்பாடு வந்தப்ப எங்கூட்டுக்காரர் என்ன சொன்னாருன்னு தெரியுமா? சும்மா கீ கீன்னு கத்துனா எந்த டிரைவரும் நிறுத்தறதில்லையாம். வூட்டாளுக குரல்ல சொன்னா காலு தானா பிரேக்குக்குப் போகுதாம். இதக் கண்டுபுடிச்சவன் அவம் பொண்டாட்டிகிட்ட எத்தன வாங்கியிருப்பானோன்னாரு." சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லீங்க."

"அவங்க ஓட்டறப்ப பேசினதக் கேட்டுக் கேட்டு, அதுவா கோத்துப் பேசுறது இது. அவங்க சொன்னதில்ல. தெரியுமில்ல?"

"தெரியும். எலக்ட்ரானிக்ஸ்தான் படிச்சிருக்கேன்."

"உங்கள எப்படி மாமான்னு கூப்புடுது?"

"அவ போன்ல அதிகமா பேசினது என்கூட. நான் உக்காந்தா என் போனை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சுக்கும்."

"பேர் மாத்தினா பழைய குரலு அழிஞ்சுரும். அது சட்டம்."

"தெரியும்."

"எல்லாந் தெரியுது உங்களுக்கு," என்றாள் வசந்தாமணி. பானெட்டைத் தூக்கினாள்.

பழைய பேட்டரிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். பக்கத்துக் கொட்டகையில் தகட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். வசந்தாமணி ஒவ்வொரு ஒயராகத் தொட்டுக்கொண்டே போனாள். நடுவில் இரண்டு முறை ஏதோ முணுமுணுத்தாள். ஒரு முறை எழுந்து வந்து அவன் உள்ளங்கையைப் பார்க்கக் கேட்பவள் போல நின்றாள், கேட்காமல் திரும்பிப் போனாள். பன்னிரண்டு மணி வாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு எதிரில் குத்த வைத்து உட்கார்ந்தாள்.

"வண்டி முழுக்கத் துரு. பாடியில துரு, கிளாம்புல துரு. ஏழே ஏழு நட்டு மட்டும் பளபளன்னு இருக்குது. பேட்டரி, ஆல்டர்நேட்டர், கதவு சுவிட்ச், பிரேக் ஆயில் சென்சார், அப்படி ஏழு. எலி கடிச்சா பல்லுத்தடம் இருக்கும். எலி ஸ்பேனர் புடிக்காதுங்க."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான்.

"ஏழும் ஒரே கை. அன்னாடம் கழட்டி அன்னாடம் மாட்டற கை."

"சீட்டுக்கு அடியில இருக்கு ஸ்பேனர்," என்றான்.

"அதப் பாத்துட்டேன்."

வெல்டிங் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

"எத்தன விதமாப் பேசும் இது?"

"மேனுவல்ல நாப்பத்தோரு எச்சரிக்கை இருக்கு. பத்தொம்பது கேட்டுட்டேன்."

"மிச்சத்துக்கு என்ன பண்ணப் போறீங்க? இன்ஜினத் தீ வெச்சுப் பாப்பீங்களா?"

அவன் சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.

"பிரேக்குல கை வெச்சீங்களே, ஓட்டினீங்களா அப்படியே?"

"நேத்தும் இன்னைக்கும்."

"முட்டையோட?"

"ஆமா. மெதுவாத்தான் போனேன்."

வசந்தாமணியின் முகம் மாறியது. எழுந்து நின்றாள்.

"மெதுவாப் போனீங்களா? பரமத்தி ரோட்டுல காலைல பள்ளிக்கூடத்துப் புள்ளைக சைக்கிள்ல வரும். உங்க வீட்டம்மா குரலு கேக்கறதுக்கு அடுத்த வீட்டுல எழவு விழணுமா? படிச்சவரு மாதிரியா இருக்குது?"

"தப்புதாங்க்கா."

"தப்புதான்னு சொல்றது நல்லாத்தான் இருக்கு." அவள் சற்று நேரம் ரோட்டையே பார்த்தாள். கோபம் அதே வேகத்தில் இறங்கியது. "ஏழையும் முறுக்கிட்டேன். ஏழு லைட்டும் அணைஞ்சுது. எட்டாவது ஒண்ணு இருக்குது. பின் லைட்டு. அதுல உங்க கை படல. வண்டியோட சொந்தப் பழுது அது ஒண்ணுதான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அது ஏன் பேசறதில்ல?"

"அதத்தான் பாத்தேன். இங்க வாங்க."

ஓட்டுநர் பக்கத் திரையில் அந்தப் பழுதின் வரியைத் திறந்து காட்டினாள். ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். கீழே தேதி, மணி: மார்ச் பதினான்கு, காலை பத்து பதினேழு.

அவனுக்கு அந்தத் தேதியைப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

"ஒரு லைட்டு எரியும்போது விபத்து நடந்தா, அந்த லைட்டுக்கு மட்டும் அப்புறம் வாயத் தொறக்காது. பூட்டி வெச்சிரும். வண்டிக்குள்ள கேட்ட சத்தத்தோட," என்றாள். "லைட்டு எரியறதுக்கு முன்னால பத்து நொடி, பின்னால இருபது நொடி. இது கோத்துப் பேசுறதில்ல. அவங்களே பேசினது, ஏதாச்சும் பேசியிருந்தா. போலீஸ்காரங்க கேக்கலையா?"

"மோதின டிப்பர்காரன் ஒத்துக்கிட்டான். அதோட முடிஞ்சுது."

"அந்தப் பாலத்துல பள்ளம் கிள்ளம் இருக்குதா?"

"ஏறினதும் ஒரு பள்ளம் இருக்கு. மூணு வாரத்துக்கு முன்னாடி பைப் போடத் தோண்டி இன்னும் பெருசாயிடுச்சு."

"அவ்வளவுதான் தம்பி. பள்ளத்துல டங்குன்னு எறங்கறப்ப ஒயர் விடுது. பேயுமில்ல, பிசாசுமில்ல. எங்க விடுதுன்னு காட்டறேன் வாங்க."

வண்டிக்குப் பின்னால் போய் மண்டியிட்டாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"எவனோ தற்குறி பண்ணின வேலை," என்று அவள் குரல் கீழேயிருந்து வந்தது. "ரெண்டு ஒயரையும் சும்மா முறுக்கி, நீல டேப்பச் சுத்தி வுட்டுருக்கான். சாலிடர் இல்ல, ஸ்லீவ் இல்ல. இப்படியும் ஒருத்தன் ஜாயின்ட் போடுவானா? இவனையெல்லாம் யாரு இந்தத் தொழிலுக்கு…"

"நான்தாங்க்கா."

வசந்தாமணி எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். 

அவள் போன பிறகு வண்டியில் அவன் கை படாத ஒரே இடம் அது. ஒன்பது மாதத்தில் அந்த வண்டியின் ஒவ்வொரு நட்டையும் தொட்டிருக்கிறான், அதை மட்டும் தொட்டதில்லை. மஞ்சள் விளக்கு எரிந்த முதல் நாளே அது எந்த விளக்கு என்று அவனுக்குத் தெரியும். தெரியாதவன் போல ஓட்டிக்கொண்டிருந்தான்.

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம் பின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்று சொன்னாள். கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். சட்டையைக்கூடக் கழற்றாமல் குனிந்து, ஒயரை முறுக்கி, மேசை டிராயரில் கிடந்த நீல டேப்பைச் சுற்றிவிட்டான். "இப்போதைக்கு இது போதும். மறுபடி லைட்டு வந்துச்சுன்னா ஓரமா நிறுத்தி எறங்கு. விளக்குப் பெட்டி மேல ரெண்டு தட்டு தட்டு, எரியும். ஞாயித்துக்கிழமை சாலிடர் வெச்சிடறேன்."

"எந்த ஞாயிறுங்க மாமா? மாசம், வருசம் எல்லாம் சேத்துச் சொல்லிருங்க, காலண்டர்ல குறிச்சுக்கறேன்," என்றாள்.

கல்லூரியில் அவனுடைய மேசை மேல் சாலிடர் துப்பாக்கி ஆறு இருந்தது. எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒன்றில் கிரிக்கெட். ஒன்றில் தூக்கம். மற்றவற்றில் என்ன செய்தான் என்று நினைவில்லை. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். தட்டப் பழகிக்கொண்டாள். பாதி ஏற்றின வண்டியின் பின்னால் போய், சாமியைக் கும்பிடுகிறவள் போலத் தலையைச் சாய்த்து இரண்டு தட்டுத் தட்டுவாள். விளக்கு எரிந்தால் கையைத் தட்டிக்கொள்வாள்.

பாலத்தில் நிறுத்தி, வண்டிக்குப் பின்னால் நின்றவளை மணல் டிப்பர் அடித்தது. கயிறு தளர்ந்திருக்கும், கட்ட இறங்கியிருப்பார் என்று எழுதினார் காவல் நிலையத்து ஏட்டு. "ஒரு முட்டைகூட உடையலீங்க," என்றும் சொன்னார், ஆச்சரியம் தாங்காமல். கயிறு என்பது நல்ல காரணம். கயிற்றை இளம்பரிதி கட்டியதில்லை. அந்தக் காரணத்தை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டு பதினோரு மாதம் ஓட்டிவிட்டான்.

"நான் சாலிடர் வெச்சிரட்டுமா?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"நானே வெக்கறேன்."

அவள் சாலிடர் துப்பாக்கியையும் ஒரு துண்டு ஸ்லீவையும் எடுத்துக் கொடுத்தாள். வெயிலில் இளகிய டேப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. அதை உரித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஒயரின் முனை பச்சை பூத்திருந்தது. வெட்டினான். புதிதாகச் சீவினான். ஸ்லீவைக் கோத்தான். முறுக்கினான். பேஸ்ட் தொட்டு, துப்பாக்கியை வைத்து, ஈயம் உருகி ஒயருக்குள் இறங்குவதைப் பார்த்தான். ஸ்லீவை இழுத்து மூடிச் சூடு காட்டினான். அது சுருங்கிப் பிடித்துக்கொண்டது.

நாலு நிமிடம் ஆனது.

பின் விளக்கு எரிந்தது. வண்டிக்குள், ஒயரை வெட்டியதும் எரிந்த மஞ்சள் விளக்கு அணைந்தது.

ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். டாஷ்போர்டு ஒன்பது மாதத்தில் முதல் முறையாக இருண்டிருந்தது.

"ரொம்ப நன்றிங்க மாமா," என்றது குரல். "இப்ப எல்லாம் சரியா இருக்குதுங்க."

ஏழு நட்டையும் வசந்தாமணி முறுக்கிய கணக்கு இப்போதுதான் அதற்குச் சேர்ந்தது போல. அந்த வாக்கியம் அவனுக்குப் புதிது. இதுவரை எதையும் முழுதாகச் சரிசெய்யாததால் அது வந்ததில்லை. இருபதாவது. கேட்டுக்கொண்டே இருந்தவனுக்கு ஏதோ இடறியது. நன்றியா? மிருதுளா அவனுக்கு எப்போது நன்றி சொன்னாள்? மிக்ஸி, கேட், தண்ணீர் மோட்டார் என்று எதைச் சரிசெய்து கொடுத்தாலும் அவள் சொல்வது வேறு ஏதோ ஒன்று. குத்தலாக ஒன்று. என்ன அது? யோசித்தான். வாய் நினைவிருந்தது, அது ஒரு பக்கமாகக் கோணுவது நினைவிருந்தது. வார்த்தை வரவில்லை. ஒன்பது மாதமாகத் தினமும் காலையில் இந்தப் பணிவான குரலைக் கேட்டுக் கேட்டு, அவள் பேசுவதே இப்படித்தான் என்று ஆகியிருந்தது. கதவு சாத்தலைங்க. சார்ஜ் ஏறலைங்க. ஒருக்கா பாத்துருங்க. இவ்வளவு மரியாதையாக அவள் ஒரு நாளும் பேசியதில்லை.

அவளைக் கேட்கத்தான் நட்டைத் தளர்த்தினான். தளர்த்தத் தளர்த்த அவள்தான் போய்க்கொண்டிருந்தாள்.

திரையில் எழுத்து வந்தது. பூட்டிய பதிவு ஒன்று உள்ளது. பழுது நீங்கிவிட்டதால் அழிக்கப்படும். அழிக்கும் முன் உரிமையாளர் ஒருமுறை கேட்கலாம். கேட்கவா? வேண்டாமா?

வசந்தாமணி ஜன்னலோரம் நின்று அதைப் படித்தாள்.

"கேக்காமயும் அழிக்கலாம் தம்பி. கேட்டுத்தான் ஆகணும்னு இல்ல."

"என்னை ஏதாச்சும் திட்டியிருந்தா?"

"திட்டியிருந்தா என்னங்? திட்டினதும் அவங்கதான்."

அவன் விரலை எடுத்துத் திரைக்கு அருகில் கொண்டுபோனான்.  

"நான் டீ சொல்லிட்டு வர்றேன்," என்று வசந்தாமணி ரோட்டுப் பக்கம் நடந்தாள். டீக்கடை எதிர்ப்பக்கம் இருந்தது. அவள் அதைத் தாண்டியும் நடந்துகொண்டிருந்தாள்.

அழுத்தினான்.

முதலில் சாலையின் இரைச்சல். பின்னால் முட்டை அட்டைகள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய சத்தம். அவள் வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். எந்தப் பேக்கரிக்கு எத்தனை அட்டை என்று இருக்கும். டங்கென்று பள்ளம். எண்ணுவது நின்றது. அப்போது அந்த விளக்குக்கும் குரல் இருந்தது. போனில் அவன் பேசியதிலிருந்து அவன் குரலைத் தனக்கு வைத்துக்கொண்டிருந்தாள் போலும், அவனுக்கே அது தெரியாது. "பின் லைட்டு எரியல. நிறுத்திப் பாரு," என்றான் இளம்பரிதி வண்டிக்குள்ளிருந்து, நிதானமாக, அக்கறையாக.

"வந்துட்டாரு எசமான்," என்றாள் அவள்.

வேகம் குறைந்தது. இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. ஹேண்ட் பிரேக் இழுபட்டது. சீட் பெல்ட் கழன்றது. கதவு திறந்ததும் சாலையின் இரைச்சல் பெரிதாக உள்ளே வந்தது. ஒரு காலைக் கீழே வைத்திருப்பாள். சிரிப்பா பெருமூச்சா என்று சொல்ல முடியாத ஒன்று கேட்டது. பிறகு, யாரும் இல்லாத வண்டியைப் பார்த்துச் சொன்னாள்:

"சாயந்தரம் வரட்டும். அந்த டேப்ப உரிச்சு எங்க மாமன் வாயிலயே ஒட்டறேன்."